சத்தமே இல்லாத கார்

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. அதற்கு நடக்கிற சேவையில் பாதி எனக்கு நடந்திருந்தால் என் முழங்கால் இந்நேரம் வலிக்காது. காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரர் மாணிக்கவேல் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத் துடைப்பார். சாதாரணத் துணி ஆகாது, தறியில் வெட்டி வீணான பட்டுத்துண்டுதான் வேண்டும். வெள்ளிக்கிழமை முன்கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம். அமாவாசைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வெயிலில் நிறம் போகும் என்று ஓர் உறை, உறை அழுக்காகும் என்று அதற்கு மேல் ஒரு பழைய பெட்ஷீட். சீட்டுக்கு வெல்வெட்டில் தைத்துப் போட்டார். வெல்வெட் கெட்டுவிடக் கூடாதென்று அதன் மேல் பிளாஸ்டிக் தாள். சித்திரை வெயிலில் உட்கார்ந்து எழுந்தால் அந்தத் தாளும் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வரும்.

இவ்வளவும் மேலுக்குத்தான். டயர் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தது. வைப்பர் கண்ணாடியைத் துடைப்பதில்லை, தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி வெல்வெட்டுக்கு அடியில் புதைந்துபோய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. கேட்டால், பின்னால் உட்காருகிறவர்களுக்கு பெல்ட் எதற்கு, போலீஸ்காரர் முன்னால்தானே பார்க்கிறார் என்பார். ஒரு பட்டுப்புடவையைக் கையில் கொடுத்தால் முதல் வேலையாகப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற மனுஷர் இவர். முகப்பை எவன் வேண்டுமானாலும் மினுக்கிக் காட்டலாம், நெசவு தெரிவது பின்பக்கத்தில்தான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். அவர் காருக்கு மட்டும் அடிப்பக்கமே கிடையாது.

நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆரணியில் எங்கள் வீடு கொசப்பாளையத்தில். வீட்டுக்குப் பின்னால் ஷெட், அதற்குள் விசைத்தறிகள். காலையில் சுவிட்சைத் தட்டினால் ராத்திரி தூங்கப் போகும்வரை தடதடவென்று ஒரே இரைச்சல். கல்யாணமாகி வந்த புதிதில், இந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஏன் எந்நேரமும் சண்டை போடுகிறார்கள் என்று நான் பயந்ததுண்டு. அது சண்டை இல்லை, பேச்சு என்று அப்புறம்தான் தெரிந்தது. உப்பு கேட்பதற்கும் உயிர் போவதற்கும் ஒரே சுருதிதான். ஷெட்டுக்குள் அந்தக் கத்தலும் எடுபடாது. அங்கே கைதான் பேசும். விரல்களைக் குவித்து வாயருகே காட்டினால் சாப்பாடு தயார். மணிக்கட்டைத் திருப்பினால் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவை மாற்று. தோளில் ஒரு தட்டு தட்டினால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் உதடு அசைவதைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். நானே இப்போது தொலைக்காட்சியில் செய்தியைச் சத்தமில்லாமல் வைத்துப் பாதி புரிந்துகொள்வேன்.

இவர் மீசை முளைக்கும் முன்பே தறிக்கு வந்தவர். வாயாடி இல்லை, குடி கிடையாது, கையில் நல்ல சூட்சுமம். தறியில் எங்கேயாவது ஒரு போல்ட் தளர்ந்திருந்தால், அதன் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார். பிறகு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். கோளாறு அங்கேதான் இருக்கும். பக்கத்துத் தெரு ஷெட்காரர்களும் இவரை அழைத்துப் போவார்கள். அந்தப் பெருமை தலைக்கேறி, உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்துக்கும் தன் உள்ளங்கையே போதும் என்று முடிவு கட்டிவிட்டார். அங்கேதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது.

கார் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பெண் சத்யப்ரியாவை வெம்பாக்கத்தில் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து அவள் புறப்பட்டுப் போன வாடகை வண்டி செய்யாறு தாண்டியதும் நின்றுவிட்டது. மாலையும் கழுத்துமாக அவள் ரோட்டோரம் நின்றதை யாரோ படம் பிடித்து அனுப்ப, இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. என் பெண் பிரசவத்துக்கு வரும்போது என் வண்டியில்தான் வருவாள் என்றார். சொன்னபடியே ஒரு பழைய காரை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்தார். அந்த வயதில் அது பெரிய காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அவர் ஓட்டுகிற அழகு இருக்கிறதே. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொன்னால் உடனே முழு முகத்தையும் என் பக்கம் திருப்பிவிடுவார். கண் என் வாயில், கார் எதிரே வருகிற கரும்பு டிராக்டர் பக்கம். ரோட்டைப் பாருங்கள் என்று கத்துவேன். அதைக் கேட்கவும் என் முகத்தைத்தான் பார்ப்பார். வெளியே போனால் நான் வாயையே திறக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. பெண்டாட்டி முகத்தைப் பார்க்க இத்தனை ஆசை என்றால் வீட்டில் உட்கார்ந்து பாருங்கள், நூறடி ரோட்டில் வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். சிரித்தார்.

தைப்பொங்கலுக்கு ஓசூரிலிருந்து எங்கள் பையன் ஹேமநாத் வந்திருந்தான். எல்லோரும் எங்கள் பக்கத்துத் திருமலைக்கு, சமணர் கோயில் பார்க்கப் போனோம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்த இவர் பிரேக்கை மிதித்தபோது முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். தகரத்தில் ஆணியால் இழுத்த மாதிரி, பல் கூசியது. சுண்டல் விற்ற பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். பிரேக் பேடு தேய்ந்துவிட்டது, தேய்ந்தால் கத்த வேண்டும் என்பதற்காகவே உள்ளே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், உடனே மாற்ற வேண்டும் என்று ஹேமநாத் சொன்னான். இவர் இறங்கி, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு சக்கரத்தின் மேல் வைத்தார். எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"கையில ஒண்ணும் தெரியலியே. வண்டி நல்லாத்தான் கீது" என்றார்.

சத்தம் கேட்டதா இல்லையா என்று பையன் கேட்டான். சத்தமே இல்லை என்றார். சுண்டல்காரப் பெண்ணைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று நான் கேட்டேன். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துகொண்டு வண்டியைக் குறை சொல்வதாக அவருக்குக் கோபம். பையன் ஊருக்குப் போன பிறகும் தினமும் போன் பண்ணி நினைவூட்டினான். இவர் போனை என்னிடம் நீட்டிவிடுவார். பிள்ளையிடம் பேசக்கூட இந்த மனுஷருக்குச் சோம்பல் என்று நான் பொருமுவேன். முன்பு தொற்று பரவிய காலத்திலும் இப்படித்தான், எல்லோரும் மூஞ்சியை மூடிக்கொண்டு முணுமுணுக்கிறார்கள் என்று கடைகடையாகச் சண்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பெரணமல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். வழியில் பால் வண்டி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு, மெல்லிய ஹாரனைக் கீங் கீங்கென்று அடித்துக்கொண்டே வந்தது. இவர் வழி விடவில்லை. நடு ரோட்டில் ஊர்வலம் போகிற மாதிரி நிதானமாகப் போனார். கடைசியில் அவன் மண்ணில் இறங்கி எங்களைத் தாண்டிக் குறுக்கே நிறுத்திவிட்டு, காது இன்னா செவுடா என்று கேட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம். யாரைப் பார்த்துச் செவிடு என்கிறாய், வயசுக்கு ஒரு மரியாதை இல்லையா என்று நான் கார் கதவைத் திறந்து இறங்கி அவனோடு மல்லுக்கு நின்றேன். அந்தப் பையன் பயந்து போய்விட்டான். இவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒத்தாசைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை என்று வீடு திரும்பியதும் அதற்கும் திட்டினேன்.

ஒரு வழியாக மெக்கானிக்கிடம் காட்ட ஒப்புக்கொண்டார். செய்யாறு ரோட்டில் தனக்கோடி என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் போனவர் மத்தியானம் திரும்பி வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆயில் மாற்றினார், காற்று பிடித்தார், வேறு ஒன்றும் இல்லை என்றார். பிரேக்? அதில் ஒன்றும் இல்லை என்றார். அன்று சாயங்காலமே தெருமுனையில் கீச்சென்றது. மறுநாள் நானே கூடப் போனேன். வண்டியில் என்ன பிரச்சினை என்று தனக்கோடி இவரிடம் கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று இவர் சொன்னார். சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றார். நான் குறுக்கிட்டு, வருகிறது, பிரேக் பிடிக்கும்போது வருகிறது என்றேன். தனக்கோடி இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். அக்காவுக்குக் கொஞ்சம் பயம் போல என்று தனக்கோடி சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்குத்தானே வண்டியைப் பற்றித் தெரியும் என்று வேறு வியாக்கியானம். அவர் வண்டியை வெளியே எடுத்து ஒரு தடவை பிரேக்கை மிதித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்கு அவருக்கு நேரம் இல்லை.

இதற்குள் சத்யப்ரியாவுக்கு வளைகாப்பு நாள் குறித்துவிட்டார்கள். வெம்பாக்கத்தில் அவள் மாமியார் வீட்டில் வளையல் போட்டு, அங்கிருந்து அவளை நாங்கள் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணை அந்தக் காரில், அந்த பிரேக்கோடு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற ஆளிடம் ஒப்படைக்க நான் தயாராக இல்லை. வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்றேன். அவ்வளவுதான். சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தார். அன்றைக்கு ரோட்டில் நின்ற மாதிரி என் பெண் இன்னொரு தடவை நிற்க வேண்டுமா என்றார். இந்த பிரேக்கோடு போனால் வண்டி நிற்கவே நிற்காது என்றேன். அதன் பிறகு பேச்சு இல்லை. சாப்பாட்டுக்குக் கையால் கூப்பிட்டேன், கையால் பதில் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் மின் நிறுத்தம் வந்தது. எங்கள் பக்கம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்துவார்கள். கம்பத்துக்கும் கம்பிக்கும்கூட மாதாமாதம் பராமரிப்பு நடக்கிறது, நம் வீட்டுக் காருக்கு இல்லை என்று அன்று காலையே புகைந்துகொண்டிருந்தேன். தறிகள் நின்றதும் தெரு முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த ஒரு நாளில்தான் எங்கள் தெருவில் குருவி கத்துவது கேட்கும். எல்லோருக்கும் தானாகவே குரல் இறங்கிவிடும். என் குரலும் இறங்கியிருந்தது.

இவர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காபியோடு பின்னால் போய் நின்று, காபி என்றேன். திரும்பவில்லை. கோபம் இன்னும் போகவில்லை போல என்று நினைத்தேன். காபி ஆறுகிறது என்றேன். அசைவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அவரைக் கிளப்பிவிட வேண்டும் என்றே அதே குரலில் சொன்னேன்.

"இந்தக் காரை வித்துடப் போறேன்."

அவர் நிதானமாகத் துணியை மடித்து, கதவின் கைப்பிடியைத் துடைத்தார்.

சண்டைக்கு வராமல் இருப்பது வேறு. அந்தக் காரை விற்பேன் என்று சொல்லியும் இவர் முதுகில் ஒரு நரம்பு அசையவில்லை. ஒரு வைராக்கியத்துக்கும் அவ்வளவு சக்தி கிடையாது. அந்தக் கணத்தில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. என்னிடம் நீட்டின போன், வழிவிடாத பால் வண்டி, முகத்தை மூடினால் வந்த கோபம். ஓட்டும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் என் பக்கம் திரும்பிய அந்த முகம். அது ஆசை இல்லை. என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

தோளில் தட்டினேன். ஷெட்டில் தட்டுவது போல ஒரே தட்டு. திரும்பினார்.

"இப்ப நான் இன்னா சொன்னேன்?"

காபி டம்ளரைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். "காபின்னு சொன்னே" என்றார்.

நான் முந்தானையை எடுத்து மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, சத்யப்ரியாவுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டேன். அவர் கண் முந்தானை மேலேயே நின்றது. மறுபடி கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே மடித்த துணி.

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது. பரிதாபமும் வந்தது, ஆனால் அது கோபத்துக்குப் பின்னால் வரிசையில் நின்று வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்றார். தறிக்காரனுக்கு இதெல்லாம் சகஜம் என்றார். சகஜம் என்றால் அதை என்னிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். பிறகு காரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"தறிக்குக் காது வேணாம் பரிமளா, கை போதும். வண்டி ஓட்டத்தான் காது இருக்கான்னு கேப்பாங்க. சொன்னா நீ எம் பொண்ண இதுல ஏத்த மாட்டே."

"சொல்லாததாலதான் ஏத்த மாட்டேன்" என்றேன்.

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தும் அவருக்கு விளங்கியிருக்கும். இந்தத் தெருவில் எல்லோரும் பிறந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தால், ஒருத்தருக்குக் காது போனதை எவள் கண்டுபிடிப்பாள்? கரண்ட் போகாமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் தெரிந்திருக்காது. வளைகாப்பு முடிந்து எங்கேயோ ஒரு திருப்பத்தில் தெரிந்திருக்கும்.

காதைப் பார்க்காமல் அந்தக் காரில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பேஜார் பண்ணாதே என்றார். இனிமேல்தான் பேஜாரே ஆரம்பம் என்றேன். வேலூருக்குப் பஸ்ஸில் போனோம். காது டாக்டர் அவரை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து ஏதேதோ ஒலிகளைப் போட்டுப் பார்த்தார். கனமான சத்தம் கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தங்களும் பேச்சின் பாதி எழுத்துகளும் போய்விட்டன, தறி இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றதால் வந்தது, போனது திரும்பாது, ஆனால் மெஷின் வைத்தால் சமாளிக்கலாம் என்றார். வண்டி ஓட்டலாமா என்று இவர் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. மெஷினைப் போட்டுக்கொண்டால் ஓட்டலாம், கண்ணாடிகளை அடிக்கடி பாருங்கள், போடாமல் ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஷெட்டுக்குள் போகும்போது காதை அடைத்துக்கொள்ளவும் சொன்னார். மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

பிறகு ஒரு நாள் அந்த மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதியதும் சீட்டில் துள்ளினார். வீட்டில் குழாயைத் திறந்தால் திரும்பினார், பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் திரும்பினார். நான் தோசை திருப்புகிற சத்தத்துக்கு அடுப்படிக்கே வந்து எட்டிப் பார்த்தார். இதெல்லாம் எப்போதும் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். நல்லவேளை, கேட்கவில்லை என்றார். அந்த ஆளை என்ன செய்வது.

மறுநாள் காலையில் தனக்கோடியின் பட்டறைக்குப் புறப்பட்டோம். நடக்கிற வேகத்தில்தான் ஓட்டச் சொன்னேன், அப்படித்தான் ஓட்டினார். மார்க்கெட் முனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். கீச்சென்றது.

எந்த வண்டி என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பின்னால் ஒரு வண்டியும் இல்லை. மாடு போயிற்று. கொஞ்சம் நகர்ந்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை மெதுவாக மிதித்தார். மறுபடி கீச்சென்றது. வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"இது நம்ப வண்டியா?"

ஆமாம் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். பொங்கலிலிருந்து என்றேன். காதுகுத்துக்குப் போனதை, மகளைப் பார்க்கப் போனதை, பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய பேரப்பிள்ளைகளோடு ஏற்றிக்கொண்டு போனதை, எல்லாவற்றையும் அவர் ஒன்றொன்றாக நினைக்கிறார் என்று தெரிந்தது. நினைக்கட்டும் என்று நானும் விட்டேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் இத்தினி நாளா இப்படித்தான் கத்திகினு இருந்தியா?"

"நான் இதுக்கும் முன்னாலேர்ந்து கத்திகினு கீறேன்" என்றேன்.

அவர் அதற்கு மேல் வண்டியை ஓட்ட மறுத்துவிட்டார். தனக்கோடிக்கு போன் போட்டு, தானே பேசி, அங்கேயே வரச் சொன்னார். தனக்கோடி வந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றினால் பேடு அப்பளம் போல இருந்தது. இதோடவா அண்ணா ஓட்டினீங்க என்று இவரைக் கேட்டார். அன்றைக்கு அக்காவுக்குப் பயம் என்று சிரித்தது யார் என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பேடு, முன்டயர் இரண்டு, வைப்பர் எல்லாம் மாற்றியாயிற்று. வீட்டுக்கு வந்ததும் இவர் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டார். பிறகு நூல் அறுக்கிற பிளேடை எடுத்து, அத்தனை ஆசையாகத் தைத்துப் போட்ட வெல்வெட்டைக் கீறி, உள்ளே புதைந்து கிடந்த பெல்ட் கொக்கிகளை வெளியே எடுத்தார். கீறின ஓரத்தை மடித்துத் தைத்தும் வைத்தார், பிரியாமல் இருக்க.

இதனால் அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெஷினைக் கழற்றித் தறி மேல் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். எலுமிச்சம்பழம் இன்னும் உண்டு. பெட்ஷீட்டும் உண்டு.

வளைகாப்பு நன்றாக நடந்தது. வெம்பாக்கத்திலிருந்து புறப்படும்போது சத்யப்ரியாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படியும்படி நான்தான் மாட்டினேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அவள் அசையும்போதெல்லாம் கலகலவென்றது. இவர் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கிளம்பவே இல்லை. போகலாம் என்றேன். கிளம்பினார்.

செய்யாறு தாண்டி, அன்றைக்கு அவள் மாலையோடு நின்ற இடம் வந்தது. எதிரே லாரி, டிராக்டர், குறுக்கே ஆடு. பிரேக் சத்தமில்லாமல் பிடித்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், இவர் கண்ணாடியைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார். எனக்கோ இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் உதடு அவருக்குத் தெரிய வழியே இல்லை. கரண்ட் இல்லாத நாளில் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னேன்.

"இந்தக் காரை வித்துடலாம்னு கீறேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது.

"வித்துத்தான் பாரேன்" என்றார்.